கேபிள் இணைப்பின்றி வீட்டில் கால்பந்து: இலவசம் எது, கட்டணம் எது, சட்டவிரோதம் எது?

கேபிள் அல்லது கட்டண டிடிஎச் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இணையத்தை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்கள் நாட்டில் பெருகி வருகின்றன. செய்தியும் திரைப்படமும் பார்ப்பதற்கு இந்த மாற்றம் பெரிய இடையூறாக இருப்பதில்லை. ஆனால் வீட்டில் ஒரு கால்பந்து ரசிகர் இருந்தால் சிக்கல் தொடங்கிவிடுகிறது. சனிக்கிழமை இரவு நடைபெறும் இங்கிலாந்து ஆட்டம் ஒரு செயலியிலும், செவ்வாய் நள்ளிரவு நடைபெறும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் வேறொரு செயலியிலும், ஸ்பெயின் நாட்டு ஆட்டம் மூன்றாவது செயலியிலும் ஒளிபரப்பாகின்றன. அனைத்துக்கும் தனித்தனியே சந்தா செலுத்தினால், மிச்சப்படுத்திய கேபிள் கட்டணத்தைவிடச் செலவு கூடிவிடவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே எந்த ஆட்டம் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கிறது, எதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும், எந்த வழியைத் தவிர்க்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஒளிபரப்பு உரிமையே அடிப்படை

தொழில்முறைக் கால்பந்துத் தொடர்கள் பெரும்பாலும் தமது ஒளிபரப்பு உரிமையை நாடுவாரியாகவும் குறிப்பிட்ட பருவங்களுக்கு மட்டுமாகவும் விற்கின்றன. இந்தியாவுக்கான உரிமையைப் பெற்ற நிறுவனம், அந்த ஆட்டங்களைத் தனது தொலைக்காட்சி அலைவரிசையிலும் செயலியிலும் காட்டுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் உரிமை வேறு நிறுவனத்திடம் செல்லக்கூடும். கடந்த ஆண்டு ஒரு செயலியில் கண்ட தொடர் இந்த ஆண்டு அதே இடத்தில் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

இந்த முறையால் விசித்திரமான விளைவுகளும் ஏற்படுகின்றன. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 மணி முதல் 5.15 மணி வரை கால்பந்து ஆட்டங்களை நேரலையாக ஒளிபரப்புவதற்குத் தடை உள்ளது. ரசிகர்கள் வீட்டில் இருந்துவிடாமல் உள்ளூர் மைதானங்களுக்கு வர வேண்டும் என்பதற்காக நெடுங்காலமாக இந்த வழக்கம் பின்பற்றப்படுகிறது. ஆனால் இந்தியாவுக்கு இத்தடை பொருந்தாது. இதனால், லண்டனில் உள்ள ஒருவர் தன் வீட்டில் பார்க்க இயலாத பிரீமியர் லீக் ஆட்டத்தைச் சென்னையிலோ கொல்கத்தாவிலோ உள்ள ரசிகர் நேரலையில் காண முடிகிறது.

சட்டம் உறுதி செய்யும் இலவசம்

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. மேற்கு வங்க கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் வழங்கப்பட்ட அத்தீர்ப்பு, இந்திய ஒளிபரப்புத் துறையின் போக்கையே மாற்றியது. அதன் பின்னர் தனியார் அலைவரிசைகள் பெருகி, விளையாட்டு உரிமைகள் அவற்றின் கைக்குச் சென்றன. கட்டணம் செலுத்த இயலாத மக்கள் முக்கிய ஆட்டங்களைக் காணும் வாய்ப்பை இழந்துவிடக் கூடாது என்ற நோக்கில் 2007-ல் விளையாட்டு ஒளிபரப்பு அலைகளைப் பிரசார் பாரதியுடன் கட்டாயமாகப் பகிர்ந்துகொள்ளும் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சட்டத்தின்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என மத்திய அரசு அறிவிக்கும் விளையாட்டு நிகழ்வுகளின் நேரலை அலையை, உரிமை பெற்ற நிறுவனம் தனது விளம்பரங்களை நீக்கிவிட்டுப் பிரசார் பாரதிக்கு அதே நேரத்தில் வழங்க வேண்டும். அதைக் கொண்டு ஈட்டப்படும் தொலைக்காட்சி விளம்பர வருவாயில் குறைந்தது 75 சதவீதம் உரிமையாளருக்கும், எஞ்சிய 25 சதவீதம் வரை பிரசார் பாரதிக்கும் செல்லும்.

கால்பந்தைப் பொறுத்தவரை, உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம், அரையிறுதிகள், இறுதி ஆட்டம் போன்றவை இப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆனால் பிரீமியர் லீக், சாம்பியன்ஸ் லீக் போன்ற வெளிநாட்டுக் கழகத் தொடர்கள் அதில் இல்லை. இந்தியாவின் முதன்மைத் தொடரான இந்தியன் சூப்பர் லீக்கும் இல்லை. 48 அணிகள் பங்கேற்கும் 2026 உலகக் கோப்பையின் மொத்த ஆட்டங்கள் 104. அவற்றுள் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுபவை மிகச் சிலவே.

1986 மெக்சிகோ உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் வழியே நள்ளிரவில் விழித்திருந்து கண்ட தலைமுறைக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். வங்காளத்திலும் கேரளத்திலும் மரடோனாவின் பெயர் வீட்டுக்கு வீடு பரவியதற்கு அந்த இலவச ஒளிபரப்பு முக்கியக் காரணமாக அமைந்தது.

கேபிள் இல்லாதவருக்குக் கிடைத்த வாய்ப்பு

பகிரப்பட்ட அலையைப் பிரசார் பாரதி எங்கே பயன்படுத்தலாம் என்பதில் பின்னர் வழக்கு எழுந்தது. தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கேபிள் நிறுவனங்கள் கட்டாயம் வழங்க வேண்டும் என்று வேறொரு சட்டம் கூறுகிறது. இதனால், தாங்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஆட்டம் தூர்தர்ஷன் மூலம் கேபிள் வீடுகளுக்கும் இலவசமாகச் சென்றுவிடுகிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டனர்.

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்றது. பகிரப்பட்ட அலையைப் பிரசார் பாரதி தனது தரைவழி ஒளிபரப்பிலும் தனது டிடிஎச் தளத்திலும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. அதாவது, இச்சட்டத்தின் பயனை இன்று நேரடியாகப் பெறுபவர்கள் கேபிள் சந்தாதாரர்கள் அல்லர். பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களே.

2004 டிசம்பரில் தொடங்கப்பட்ட டிடி ஃப்ரீ டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. ஒரு டிஷ், அதன் முனையில் பொருத்தும் அலைவாங்கி, ஒரு செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றுக்கு ஒருமுறை மட்டும் சுமார் 2,000 ரூபாய் செலவாகும். செயற்கைக்கோள் அலைவாங்கி உள்ளேயே பொருத்தப்பட்ட சில புதிய தொலைக்காட்சிகளுக்குத் தனிப் பெட்டியும் தேவையில்லை. நாடு முழுவதும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இச்சேவை பயன்பாட்டில் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இதன் அலைகள் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிலைகொண்டுள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. தமிழகத்தில் டிஷ்ஷைத் தென்கிழக்கு வானை நோக்கி நிறுத்த வேண்டும். கொல்கத்தாவில் ஏறத்தாழ நேர் தெற்கு. அந்தத் திசையில் உயரமான கட்டடமோ அடர்ந்த மரமோ மறைக்காமல் இருப்பது முக்கியம். பட்டியலில் உள்ள ஆட்டங்கள் பெரும்பாலும் டிடி ஸ்போர்ட்ஸ் அலைவரிசையில் ஒளிபரப்பாகும்.

எந்தத் தொடர் எந்தச் செயலியில்?

எஞ்சிய ஆட்டங்களுக்கு இணையச் செயலிகளே வழி. பிரீமியர் லீக் உரிமை 2027-28 பருவம் வரை ஜியோஸ்டார் நிறுவனத்திடம் உள்ளது. ஆட்டங்களை ஜியோஹாட்ஸ்டார் செயலியில் காணலாம். சாம்பியன்ஸ் லீக் உள்ளிட்ட ஐரோப்பியக் கழகப் போட்டிகளின் உரிமை 2026-27 பருவம் வரை சோனி நிறுவனத்திடம் இருப்பதால் அவை சோனி லிவ் செயலியில் வருகின்றன. ஸ்பெயின் நாட்டு லா லிகா தற்போது ஃபேன்கோடு செயலியில் கிடைக்கிறது. மெஸ்ஸி விளையாடும் அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர், 2023 முதல் ஆப்பிள் டிவி சேவையின் வழியே உலகெங்கும் வழங்கப்படுகிறது.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் இந்திய மகளிர் லீக் போன்ற உள்நாட்டுப் போட்டிகளைத் தனது யூடியூப் பக்கத்தில் இலவசமாக ஒளிபரப்பியுள்ளது. உள்நாட்டுப் போட்டி எதற்கேனும் கட்டணம் செலுத்தும் முன் அப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

செயலிகளைத் தனியாக வாங்கும் முன் மற்றொன்றையும் சரிபார்க்க வேண்டும். கைபேசி ரீசார்ஜ் திட்டங்கள், இல்ல பிராட்பேண்ட் திட்டங்கள் பலவற்றில் இச்செயலிகளின் சந்தா ஏற்கெனவே அடங்கியுள்ளது. ஆனால் கைபேசிக்கு மட்டுமான சந்தாவில் பெரிய திரைத் தொலைக்காட்சியில் பார்க்க இயலாது. திட்டத்தின் விவரத்தில் இதைக் கவனிக்காமல் பணம் செலுத்துவோர் பலர்.

இலவசம் நிலையானதல்ல

நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஆட்டங்களை இலவசமாக வழங்கியதும் உண்டு. 2018-19 முதல் மூன்று பருவங்களுக்கு லா லிகா ஆட்டங்களை இந்தியத் துணைக்கண்டத்தில் ஃபேஸ்புக் கட்டணமின்றி ஒளிபரப்பியது. 2022 கத்தார் உலகக் கோப்பையை ஜியோசினிமா இலவசமாக வழங்கியது. அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய இறுதி ஆட்டத்தைத் தனது தளத்தில் 3.2 கோடி பேர் கண்டதாக அந்நிறுவனம் தெரிவித்தது.

இவை வாடிக்கையாளர்களை ஈர்ப்பதற்கான வணிக உத்திகள். ஃபேஸ்புக்கின் ஒப்பந்தம் முடிந்ததும் லா லிகா வேறு கைக்கு மாறியது. ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒரே செயலியாக இணைந்தன. நிறுவனம் தரும் இலவசத்தை அது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சட்டம் தரும் இலவசம் மட்டுமே ரசிகரின் உரிமையாக நீடிக்கிறது.

உள்நாட்டுத் தொடரே நிச்சயமற்ற நிலையைச் சந்திக்க நேர்ந்ததும் குறிப்பிடத்தக்கது. இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் தொடர்பாக 2010-ல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடைந்தது. அதைப் புதுப்பிப்பதில் தெளிவு ஏற்படாததால், இந்தியன் சூப்பர் லீக்கின் 2025-26 பருவம் 2025 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. பிப்ரவரி 14-ல் தொடர் தொடங்கும் என்ற அறிவிப்பு 2026 ஜனவரியில்தான் வெளியானது. ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே செலுத்துவோர் இத்தகைய இடர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தரவும் தாமதமும்

செயற்கைக்கோள் ஒளிபரப்பை ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடி பேர் பார்த்தாலும் சுமை ஒன்றே. இணையத்தில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் காட்சி தனியே அனுப்பப்படுகிறது. அதற்கான தரவை அவரே செலவிடுகிறார்.

விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் வரும் தெளிவான காட்சிக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 2.25 ஜிபி தரவு தேவைப்படும். இடைவேளை, கூடுதல் நிமிடங்கள் உட்பட ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீடிப்பதால் 4.5 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி மட்டும் தரும் கைபேசித் திட்டத்தில் இடைவேளையிலேயே ஒதுக்கீடு தீர்ந்துவிடும். காட்சித் தரத்தைக் குறைத்து, விநாடிக்கு 1.5 மெகாபிட் அளவில் பார்த்தால் முழு ஆட்டமும் சுமார் 1.35 ஜிபியில் அடங்கும். கைபேசித் திரைக்கு இதுவே போதுமானது.

இணைய ஒளிபரப்பில் காட்சி சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, சேமிக்கப்பட்டு, பின்னரே திரைக்கு வருகிறது. எனவே செயற்கைக்கோள் ஒளிபரப்பைக் காட்டிலும் அது பல விநாடிகள் பின்தங்கியிருக்கும். டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கோல் ஆரவாரம் எழுந்த பிறகே நம் திரையில் பந்து வலைக்குள் செல்வதன் காரணம் இதுதான்.

ஆட்ட நேரத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இந்திய நேரப்படி இரவு 8.30 மணிக்கு வரும். ஐரோப்பாவில் மார்ச் இறுதி ஞாயிறு முதல் அக்டோபர் இறுதி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னோக்கி வைப்பதால், அக்காலத்தில் அதே ஆட்டம் 7.30 மணிக்கே தொடங்கிவிடும். சாம்பியன்ஸ் லீக்கின் முதன்மை ஆட்டங்கள் நள்ளிரவு 12.30 அல்லது 1.30 மணிக்குத் தொடங்குவதும் இதனால்தான்.

தவிர்க்க வேண்டிய வழி

ஆட்டம் தொடங்கும் முன் சமூக ஊடகக் குழுக்களில் பகிரப்படும் இலவச இணைப்புகள் பெரும்பாலும் திருட்டு ஒளிபரப்புகளே. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு ஒளிபரப்பு நிறுவனங்களின் உரிமையைப் பாதுகாக்கிறது. பெரிய தொடர்களின்போது இத்தகைய தளங்களை முடக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு வருகிறது. பாதி ஆட்டத்தில் இணைப்பு அறுந்துபோக அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தைவிட உடனடியான ஆபத்து வேறு உள்ளது. அறிமுகமில்லாத செயலியைப் பதிவிறக்கச் சொல்வதும், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்பதும், வயதை உறுதிசெய்வதற்கு என்று கூறி வங்கி அட்டை எண் கேட்பதும் மோசடியின் அறிகுறிகள். குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி கிடைத்தால், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் மோசடியாளருக்குக் கிடைத்துவிடும்.

செலவைத் திட்டமிடுவது எப்படி?

முதலில், எந்த அணியை அல்லது எந்தத் தொடரைத் தவறாமல் பார்க்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொடரின் உரிமை பெற்ற செயலிக்கு மட்டும் சந்தா செலுத்தினால் போதும். ஒரு செயலியை அன்றாடம் பயன்படுத்தாதவர்கள், காலிறுதி தொடங்கும் மாதத்தில் மட்டும் மாதச் சந்தா பெற்றுக்கொள்ளலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவைப்பது தேவையற்ற செலவைத் தடுக்கும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிய பருவம் தொடங்கும் முன் உரிமை யாரிடம் உள்ளது என்பதைச் சரிபார்க்க வேண்டும். உலகக் கோப்பையின் முக்கிய ஆட்டங்கள் மட்டுமே போதும் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் நிறைவான தீர்வாகும்.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளின் பட்டியல் மாற்ற முடியாத ஒன்றல்ல; மத்திய அரசு அறிவிக்கையின் மூலம் அதைத் திருத்தலாம். கொல்கத்தாவின் தெருக்களிலும், மலப்புரத்தின் வயல்வெளிகளிலும், மணிப்பூரின் மலைச் சிற்றூர்களிலும், வடசென்னையின் வியாசர்பாடியிலும் கால்பந்து ஆடும் சிறுவர்களில் பலருடைய வீடுகளில் மூன்று செயலிகளுக்குச் சந்தா செலுத்தும் வசதி இல்லை. உள்நாட்டின் முதன்மைத் தொடரில் ஓர் இறுதி ஆட்டமாவது அந்தப் பட்டியலில் இடம்பெறுமானால், அவர்கள் மாதக் கட்டணமின்றித் தங்கள் வீட்டுத் திரையிலேயே அதைக் காண முடியும்.