லெட்டூஸ் பாத்தியும் ஒரு ஜனாதிபதியும்

வாங்க, சத்தம் போடாமல் எட்டிப் பார்க்கலாம். கதவு எங்கே என்று தேடாதீர்கள். வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது. காரின் பின்னால் கட்டி அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்கு இழுத்து வந்த வண்டி வீடு. நிற்கும் இடம் மொரேலோஸ் மாநிலத்தில், குவாவுத்லா நகருக்குப் பக்கத்தில் இருக்கிற தெதெல்சிங்கோ கிராமத்துச் சதுக்கம். வருடம் 1935. உள்ளே மூன்று பேர் குடித்தனம்: மிஷனரி காமரன் டவுன்செண்ட், அவர் மனைவி எல்விரா, டவுன்செண்டின் சகோதரி மகள் ஈவ்லின் கிரிசெட். எல்விராவுக்கு இதய நோய். அத்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் ஈவ்லின். நோயாளியோடு, முன்பின் தெரியாத ஊரில், வண்டிக்குள் குடித்தனம்! நமக்கெல்லாம் ரயிலில் ஒரு ராத்திரி போனாலே முதுகு பிடித்துக்கொள்கிறது.

மிஷனரி வீடு என்றதும் வெள்ளை அங்கி, பெரிய பங்களா, தோட்டக்காரர் என்று கற்பனை ஓடுமே, அதை இங்கே கழற்றி வைத்துவிடுங்கள். மெக்சிகோவின் 1917 அரசியல் சட்டம் மதத் தலைவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. பாதிரியார் அங்கியோடு தெருவில் நடக்கவே தடை இருந்த காலம். அரசுப் படைக்கும் கத்தோலிக்கக் கிளர்ச்சியாளர்களுக்கும் 1926 முதல் மூன்று வருடம் நடந்த சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்ட நாட்டுக்குள் பைபிளை மொழிபெயர்க்க வந்த குடும்பம் எப்படி நுழைந்தது? டவுன்செண்ட் குருப்பட்டம் வாங்காதவர். குவாத்தமாலாவில் கக்சிக்கேல் மக்களோடு அவர் செய்த மொழி வேலையை, மெக்சிகோ கல்வித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்த மொய்செஸ் சாயன்ஸ் நேரில் பார்த்திருந்தார். எங்கள் நாட்டுக்கும் வாருங்கள் என்று கூப்பிட்டவர் அவர்தான். ஆக, வாசலில் தொங்கிய பலகை மொழியியல்; உள்ளே இருந்த ஆசை பைபிள். தந்திரம் என்பீர்களா, சாமர்த்தியம் என்பீர்களா? எனக்கு இரண்டும் தெரிகிறது.

இனி சமையல் பக்கம். இந்த ஊர்களில் விடியலைச் சொல்வது சேவல் மட்டுமல்ல, கல்லும்தான். மெத்தாத்தே என்று பெயர். நம் அம்மிக்கு மூன்று கால் முளைத்து, சற்றே சாய்ந்து நின்றால் எப்படி இருக்கும், அதுதான். முந்தின ராத்திரி மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறப் போடுவார்கள். ஆமாம், வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு! தோல் கழன்று வரும், மாவு ஒட்டும். அதோடு சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நயாசின் உடம்பில் சேரும். காலையில் முட்டி போட்டு அரைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டி, கல்லில் போட்டால் தோர்த்தியா. அதையே கிழித்து, அதாலேயே பீன்ஸை அள்ளித் தின்ன வேண்டும். கரண்டியா? அது எதற்கு? இன்னொன்று, செருப்பைப் போடும் முன் உதறுங்கள். மொரேலோஸ் தேள்கள் மிஷனரி, மொழியியலாளர் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அடுத்தது பாடம். டீச்சர் யார் தெரியுமா? ஊர்க்காரர்கள். பேசுவது நவாட்ல் மொழி. தக்காளியின் ஆங்கிலப் பெயரான டொமேட்டோ, அவகாடோ, சில்லி எல்லாம் அந்த மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக உலகம் சுற்ற வந்தவை. அதனால் கொஞ்சம் தெரிந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தால், காத்திருக்கிறது மரியாதை! தெதெல்சிங்கோ பேச்சில் பழகினவரிடம் ஒரு விதம், மரியாதைக்குரியவரிடம் வேறு விதம். ஆளுக்கேற்ப வினைச்சொல்லின் உடம்பே மாறும். பின்னால் அங்கே வந்து தங்கிய ரிச்சர்ட் பிட்மன் இதைப் பற்றி மட்டுமே 1948-இல் ஒரு கட்டுரை எழுதினார். 'வா', 'வாங்க', 'வாருங்கள்' என்று மூன்று வயதிலேயே பிரித்துப் பேசும் நமக்கு இது ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒரே 'யூ' வைத்திருந்தவர்கள் பாவம்தானே!

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். டவுன்செண்ட் சதுக்கத்திலேயே லெட்டூஸும் முள்ளங்கியும் பயிரிட்டார். பிரசங்கம் செய்யவில்லை; மண்வெட்டி எடுத்தார். 1936 ஜனவரியில் ஒரு நாள் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் கார் வந்து நிற்கிறது. இறங்குகிறவர் நாட்டின் ஜனாதிபதி லாசரோ கார்தெனாஸ்! ஜனாதிபதி வரும்போது வீடு எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவரோ பாத்தியைச் சுற்றிப் பார்த்தார், எழுதப் படிக்கச் சொல்லித்தரும் பாடங்களைக் கேட்டார். நீங்கள் அழைத்துவரும் இளைஞர்களும் இப்படி உதவுவார்களா என்று விசாரித்துவிட்டு, இன்னும் ஆட்களைக் கூட்டி வரச் சொன்னார். மதகுருமார்களை அடக்கி வைத்த புரட்சியின் வாரிசு, பைபிள் குடும்பத்துக்கு வழிவிட்டதற்கு அந்தத் தோட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆட்கள் வந்தார்கள். அத்தைக்குத் துணையாக வந்த ஈவ்லினுக்கு ஜோடியும் அவர்களுக்குள்ளேயே கிடைத்தது: கென்னத் பைக், சீனா போக ஆசைப்பட்டு மிஷன் திருப்பி அனுப்பிய இளைஞர். 1938-இல் கல்யாணம். அவர் மிஸ்தெக் மொழிக்குள் இறங்கியவர், பிறகு மொழியியலில் பெரும்பெயர் பெற்றார்.

பைக்கின் தங்கை யூனிஸும் தோழி புளோரன்ஸ் ஹான்சனும் 1936-இல் வாஹாகா மலையில் மசாதெக் மக்களிடம் போனார்கள். அங்கே சுருதி மாறினால் பொருளே மாறும். அதனால் ஆண்கள் வார்த்தையை விட்டுவிட்டுச் சுருதியை மட்டும் சீட்டியடித்தே பேசுவார்கள்! ஒருவர் சுமையோடு போவார், இன்னொருவர் வாசலில் நின்று சீட்டியிலேயே விலை கேட்பார், பேரம் நடக்கும், வியாபாரம் படியும். ஒரு வார்த்தை கிடையாது. புளோரன்ஸை மணந்த ஜார்ஜ் கோவன் இதை 1948-இல் எழுதினார். பெண்களுக்கு எல்லாம் புரியும், ஆனால் வழக்கமாகச் சீட்டியடிப்பதில்லை. நம் ஊரிலும் அதே கதைதான்.

எல்லாம் இனிப்பு இல்லை. டவுன்செண்ட் குழுவினரின் மொழியியல் அமைப்பு பழங்குடிப் பண்பாட்டைக் குலைக்கிறது என்று மெக்சிகோவின் மானிடவியலாளர்கள் குற்றம் சாட்ட, அந்த அமைப்போடு செய்திருந்த ஒப்பந்தத்தை 1979-இல் அரசு முறித்தது. தேவையான சண்டைதான். அதைத் தனியே எழுத வேண்டும்.

எல்விரா 1944 டிசம்பரில் இறந்தார். டவுன்செண்ட் 1946 ஏப்ரலில் இலேன் மில்கேயை மணந்தார். கல்யாணம் நடந்தது பாத்ஸ்குவாரோவில், கார்தெனாஸின் வீட்டில். மாப்பிள்ளைத் தோழரும் அவரேதான்.