கடல் கடந்து செல்லும் மாணவர் ஊழியம்

கல்லூரி மாணவர் சிலர் விடுமுறைக் காலத்தில் தம் திருச்சபையின் சார்பில் அயல்நாடு சென்று, சில வாரம் ஊழியம் செய்து திரும்பும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பர். சிறுவர்க்குப் பாட்டுக் கற்பிப்பர். பரிசு வழங்கி விடைபெறுவர். இவையெல்லாம் நல்ல செயல்களே. ஆயினும், சென்றவருக்கும் அங்கு வாழ்பவருக்கும் இடையே உறவு மலர்ந்ததா என்பதே முதன்மையான வினா. இவ்வினாவுக்கு விடை காண இலங்கையின் மாத்தளை மாவட்டத்து வரலாறு நமக்குத் துணை செய்யும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மாத்தளை மலைகளில் காப்பிப் பயிர் பரவியிருந்தது. கங்காணிமாரின் பின்னே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரம், தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே மாத்தளையை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1854-ஆம் ஆண்டில் சர்ச் மிஷனரி சங்கத்தைச் சார்ந்து இம்மக்களுக்கென ஒரு தமிழ் ஊழியம் தொடங்கியபோது, திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசிமார் கடல் கடந்து வந்தனர். தோட்டத் துரைமார் சிலர் அதற்குப் பொருளுதவி செய்தனர்.

வந்த உபதேசிமாருக்கும் மக்களுக்கும் மொழி ஒன்றே. அது பெரும் வாய்ப்பு. ஆனால் அது மட்டும் போதாது. விடியற்காலைப் பெரட்டு முடிந்ததும் மலையேறும் தொழிலாளி, மாலையிலேதான் லயத்துக்குத் திரும்புவான். அவனைக் காண விரும்புவோர் அவன் பொழுதுக்குத் தம் பொழுதை இசைவித்துக்கொள்ள வேண்டும். அன்றியும், காப்பிப் பருவம் முடிந்தவுடன் ஊர் திரும்பியோர் பலர். ஆதலால், கட்டடத்தை மட்டும் நம்பிச் சபை வளர இயலாது. ஆளை ஆள் அறிந்த பழக்கமே அதற்கு அடித்தளம். இன்னொரு சிக்கலும் உண்டு. துரையின் பணத்தால் வந்தவர் துரைக்கு வேண்டியவரா, நமக்கு வேண்டியவரா என்ற ஐயம் தொழிலாளிக்கு எழுவது இயல்பே. அவ்வையத்தைப் போக்கும் ஆற்றல் சொற்பொழிவுக்கு இல்லை. நாள்தோறும் பழகும் நேர்மைக்கே உண்டு.

மாணவரே முன்னின்ற முயற்சிக்கும் இலங்கையில் சான்று உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து மாணவர் சங்கம் ஒன்று, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தொண்டிப் பகுதியில் ஊழியம் நடத்த உதவி வந்தது. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வே. ச. அசரியா இதைக் கண்டு ஊக்கமுற்றார். அடுத்த ஆண்டில் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் ஊழியர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, புதுமொழி கற்றுப் பணி செய்தனர். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா, மேனாட்டு மிஷனரிமார் கொடையும் தியாகமும் அளித்ததைப் போற்றிவிட்டு, அவற்றினும் மேலாக நட்பையே வேண்டினார். கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு நிலைக்கும் வரை சமூகம் உருவாகாது என்பதே அவ்வேண்டுகோளின் உட்பொருள்.

இன்று மாத்தளைக்குச் செல்லும் மாணவர் இவற்றிலிருந்து கற்க வேண்டியது யாது? சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் மாவட்டம் அது. தமிழ் அறிந்தவரும் சில சிங்களச் சொற்களைக் கற்றுச் செல்வது அயலாருக்குச் செய்யும் மரியாதை. தோட்ட மக்களிற் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் பல குடும்பங்கள் கடலின் இரு கரையிலும் பிரிந்தன. எஞ்சியோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. இவ்வரலாறு அறியாமல் ஊரையும் உறவையும் பற்றி வினவுவோர், ஆறிய புண்ணைக் கிளறுவர்.

ஆகவே, முதற் சில நாட்கள் செவிமடுப்பதற்கே ஆகுக. என்ன வேலை தேவை என்பதை அவ்வூர்ச் சபையாரே சொல்லட்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வீடு திரும்பிச் சமையல் முடித்த பின்னரே கூட்டம் கூடுக. பரிசுப் பொருளை விருந்தினர் தம் கையால் வழங்காமல், ஊர்ச் சபையாரிடம் ஒப்படைப்பது நன்று. அவர்கள் அளிக்கும் தேநீரையும் ரொட்டியையும் உடனமர்ந்து உண்பது அதனினும் நன்று. பெற்றுக்கொள்ளத் தெரிந்தவனையே மக்கள் தம்மவனாக ஏற்பர். ஊர் திரும்பியபின் எழுதும் மடல்களும், மறுமுறை செல்லும் பயணமும் அவ்வுறவைக் காக்கும்.