பழைய கார்டு பாக்கியால் லோன் கிடைக்கலையா? 30 நாளில் திருத்தணும்

பைக் லோன் கேட்டுப் போனால், "உங்க சிபில்ல பழைய கிரெடிட் கார்டு பாக்கி நிக்குது" என்று கைவிரிக்கிறார்களா? எப்பவோ கட்டி முடித்த பாக்கி என்றால் விடாதீங்க. சிபில் இணையதளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம். தப்பான கணக்கைக் காட்டி அங்கேயே புகார் பதியலாம், அதற்கும் காசு கிடையாது.

சிபில் தானா எதையும் மாற்றாது, பேங்க் சொன்னால்தான் மாற்றும். அதனால் பணம் கட்டிய ரசீதை வைத்து பேங்குக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிடுங்க. 30 நாளில் முடிக்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. 2024 ஏப்ரல் 26-ந்தேதி அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு இது. அப்பவும் இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

நிஜமாவே பாக்கி இருந்தால், வசூல் ஏஜெண்டு பேச்சைக் கேட்டு பாதித் தொகைக்கு முடிக்காதீங்க. ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும், அதையும் பேங்குகள் கறுப்புப் புள்ளியாத்தான் பார்க்கும். முழுசா கட்டி 'நோ டியூ' சர்டிபிகேட் கேட்டு வாங்குங்க.