பச்சிளம் குழந்தை போட்டோஷூட்: குரோஷே தொப்பியில் எதையெல்லாம் கவனிக்கணும்?

பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தை, கரடிக் காது வச்ச குட்டித் தொப்பியோடு தூங்கும் போட்டோவை இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீங்க. இந்தத் தொப்பிகளில் பல, பெண்கள் வீட்டிலிருந்தே கையால் பின்னி விற்பவை. பார்க்க அழகுதான். குழந்தைக்குப் பாதுகாப்பானதா? பின்னுறவங்களும் வாங்குறவங்களும் தெரிஞ்சுக்க வேண்டியது இதோ.

குரோஷே என்றால் என்ன?

ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல். இவ்வளவுதான் கருவி. பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூர் பக்கம் மீன்வலை பின்னுறதைப் பார்த்தவங்களுக்கு வித்தியாசம் சட்டுனு புரியும். வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு. குரோஷேவில் முடிச்சு கிடையாது, வளையத்துக்குள் வளையம்தான். நூல் முனையை உள்ளே செருகித் தைக்கலைன்னா, இழுத்ததும் வரிசையாப் பிரிஞ்சு வந்துடும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்ல. சென்னையில் 2016 ஜனவரியில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னி கின்னஸ் சாதனை படைத்தனர்.

அளவு எப்படி?

பச்சிளம் குழந்தையின் தலைச் சுற்றளவு பொதுவாக 33 முதல் 35 செ.மீ. பின்னல் இழுபடும் என்பதால் தொப்பி 31-32 செ.மீ. இருந்தால் போதும். உச்சியில் 6 கண்ணியில் தொடங்கி 12, 18, 24 என்று கூட்டிக்கிட்டே போகணும். வட்டத்தின் விட்டம் சுமார் 10 செ.மீ. வந்ததும் கூட்டுறதை நிறுத்தணும். இல்லன்னா தொப்பி அகன்று, சரிந்து மூக்கு, வாயை மூடலாம்.

கவனிக்க வேண்டியவை

* உள்பக்கம் தொங்கும் நூல் கூடாது. குழந்தையின் விரலில் சுற்றினால் ரத்த ஓட்டமே தடைபடும்.
* பட்டன், மணி, ஒட்டிய கண் வேண்டாம். கழன்று வாய்க்குள் போகலாம். கண், மூக்கை நூலாலேயே தைக்கலாம்.
* கழுத்தில் கட்டும் கயிறு வேண்டாம்.
* முடி உதிரும் நூலைத் தவிர்த்து, மென்மையான காட்டன் நூல் எடுக்கலாம்.
* ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் துவைத்து உலர்த்தணும். பல ஸ்டூடியோக்களில் ஒரே தொப்பி பல குழந்தைகளுக்குப் போகுது.

எவ்வளவு நேரம் போடலாம்?

போட்டோ எடுக்கும் சில நிமிடங்கள் மட்டும். குழந்தையின் உடல் வெப்பத்தில் கணிசமான பகுதி தலை வழியாக வெளியேறும். அதனால்தான் எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் தொப்பி போடுறாங்க. வீட்டுக்கு வந்தபின் தூங்கும்போது தொப்பி வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு. நம்ம ஊர் வெயிலுக்கு இது இன்னும் முக்கியம்.

விலை எப்படி வைக்கலாம்?

நூல் செலவை மட்டும் கணக்குப் போட்டு விற்கிறதுதான் பலரும் செய்யும் தப்பு. பழகிய கைக்கே ஒரு தொப்பிக்கு ஓரிரு மணி நேரமாகும். அந்த நேரத்துக்கான கூலி, பேக்கிங், கூரியர் எல்லாம் சேர்த்துத்தான் விலை சொல்லணும்.

பெற்றோருக்கு ஒரு விஷயம்: கையில் கன்னம் ஊன்றி உட்கார்ந்த மாதிரி வரும் போட்டோ, பெரியவர் ஒருவர் தலையைப் பிடித்திருக்க எடுத்த இரண்டு படங்களை இணைத்தது. வீட்டில் முயற்சி செய்யாதீங்க. குழந்தை அழுதாலோ, முகம் சிவந்து வியர்த்தாலோ உடனே தொப்பியைக் கழற்றிடுங்க. போட்டோவை இன்னொரு நாள் எடுத்துக்கலாம்.