முதியோர் இல்லத்துக்குப் போனால் டாக்டரையும் மாத்தணுமா?

அம்மாவுக்கு வயது 76. கும்பகோணம் வீட்டைப் பூட்டிவிட்டு, கோயம்புத்தூர் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே நர்ஸ் சொல்கிறார், "இனிமே எங்க டாக்டர்தான் பார்ப்பாரும்மா. இங்க அப்படித்தான்." அடுத்த வாரம் சர்க்கரை மாத்திரை மாறுகிறது. ஏன் மாறியது என்று அம்மாவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

"இங்க அப்படித்தான்" என்பது அந்த இல்லத்தின் வசதி. சட்டம் அல்ல.

சுயநினைவோடு இருக்கும் ஒருவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் சிகிச்சை தரக்கூடாது, உயிரைக் காப்பாற்றும் அவசரம் மட்டுமே விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்மதம் வேண்டும் என்றால், வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பியது. வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்பது, மருந்துக் கடையையும் பரிசோதனைக் கூடத்தையும் நாமே தேர்ந்தெடுப்பது எல்லாம் அதில் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மாதக் கட்டணம் கட்டுவது மகனாக இருக்கலாம். ஆனால் டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அம்மா. "பையன்கிட்ட பேசிட்டோம்" என்று இல்லம் சொன்னால் போதாது. அம்மாவிடம் நீங்களும் கேளுங்கள். புது டாக்டரே பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னாலும் சொல்லலாம்!

பிரச்சினை பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் ஒளிந்திருக்கும். 'மருத்துவ வசதி உண்டு' என்ற வரியைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வெளி டாக்டர் வந்து பார்க்கலாமா, அவர் எழுதும் மருந்தை நர்ஸ் கொடுப்பாரா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முதலிலேயே கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். வெளி டாக்டரின் ஃபீஸையும் போக்குவரத்துச் செலவையும் இல்லம் ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதேபோல இரண்டு டாக்டர்கள் பார்த்தால், இருவர் எழுதியதும் ஒரே மருந்து அட்டையில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாத்திரை இரண்டு பெயரில் உள்ளே போகும். இதில் மட்டும் இல்லத்தின் கண்டிப்பை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

பழைய டாக்டர் தூரத்தில் இருக்கிறாரா? வீடியோ காலில் பார்க்கலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இதை அனுமதிக்கிறது. கையெழுத்திட்ட மருந்துச் சீட்டை டாக்டர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். போதைத் தன்மை உள்ள சில மருந்துகளை மட்டும் இப்படி எழுதித் தர முடியாது. பழைய சீட்டுகளை இன்றைக்கே போனில் படம் பிடித்து வையுங்கள். 14 இலக்க ஆபா எண் எடுத்திருந்தால் அதிலும் சேமிக்கலாம். டாக்டரிடம் மருத்துவப் பதிவுகள் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி.

நெஞ்சு வலி, பக்கவாதம் என்றால் இந்தத் தேர்வெல்லாம் அப்புறம். முதலில் 108.

பேசியும் இல்லம் மறுத்தால் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். காசு கட்டிப் பெறும் சேவை என்பதால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தத்துக்கு எதிராகவும் வழி உண்டு. இலவச இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் மனு கொடுங்கள். யாரிடம் போவது என்றே புரியவில்லையா? மூத்த குடிமக்களுக்கான 14567-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். அம்மாவே கூட அழைக்கலாம்.