காருக்கு எதற்கு இறக்கை?

விமானத்துக்கு இறக்கை வேண்டும். அது மேலே எழவேண்டும். தரையிலேயே ஓடவேண்டிய காருக்கு இறக்கை எதற்கு? சில 'ஸ்போர்ட்ஸ்' கார்களின் டிக்கியின்மேல் இரண்டு கால்களில் நிற்கும் பலகை ஒன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வெறும் அலங்காரந்தானா, அல்லது பயன் ஏதும் உண்டா? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோமே!

விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததுதான் கார் இறக்கை. தன்மீது பாயும் காற்றை அது மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, காற்று இறக்கையைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. பின்சக்கரங்கள் சாலையில் மேலும் அழுந்துகின்றன, உராய்வு கூடுகிறது, வளைவில் வண்டி எளிதில் வழுக்காது.

'அப்படியானால் டிக்கியில் ஒரு மணல் மூட்டையைப் போட்டால் போதாதா?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். மூட்டையும் டயரை அழுத்தும். ஆனால் அதற்கு நிறையும் உண்டே! வளைவில் அந்த நிறையையும் சேர்த்துத் திருப்ப, மையநோக்கு விசை அதிகம் தேவைப்படும். மூட்டை ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது. இறக்கையின் நிறையோ சில கிலோகிராம்தான். அது தருவது பெரும்பாலும் அழுத்தம் மட்டுமே.

எவ்வளவு அழுத்தம்? காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் இருமடி, இறக்கையின் பரப்பு, அதன் வடிவத்தையும் சாய்வையும் பொறுத்த ஓர் எண் ஆகிய நான்கையும் பெருக்கவேண்டும். இறக்கையின் நீளம் 1.25 மீட்டர், அகலம் 0.2 மீட்டர் என்று கொள்வோம். பரப்பு 0.25 சதுர மீட்டர். வடிவ எண் 1 என்றும், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கார் மணிக்கு 72 கி.மீ., அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. விடை 60 நியூட்டன். சுமார் 6 கிலோகிராம் எடை. உங்கள் புத்தகப் பையை டிக்கியின்மேல் வைத்தது போலத்தான்! ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட கார் இதை உணரவே உணராது.

இப்போது வேகத்தை மும்மடங்காக்குங்கள்: மணிக்கு 216 கி.மீ. விசை ஒன்பது மடங்காகி, 540 நியூட்டன் ஆகிவிடுகிறது. ஓர் ஆளே டிக்கியின்மேல் உட்கார்ந்தது போல! பந்தயக் காருக்கு இறக்கை ஏன் இன்றியமையாதது என்பது இப்போது விளங்கும். 1966-இல் அமெரிக்கரான ஜிம் ஹால் தம் 'சாப்பரல்' பந்தயக் காரில் இறக்கையை உயரமான கால்களின்மேல் நிறுத்தினார். கார் கலக்கிவிட்ட சுழற்காற்று எட்டாத உயரத்தில் அது நின்றது. சாதாரணக் காரின் டிக்கியை ஒட்டி நிற்கும் இறக்கைக்கோ பெரும்பாலும் அந்தக் கலங்கிய காற்றுதான் கிடைக்கும். ஆகவே நம் 6 கிலோகிராமும் முழுதாகக் கிடைக்காது. போதாததற்கு, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரில் அது அழுத்துவது பின்சக்கரங்களை! ஒளிக்காமல் சொன்னால், சாலையில் காணும் இறக்கைகளில் பெரும்பாலானவை அலங்காரமே. கொஞ்சம் பெட்ரோலையும் அவை கூடுதலாகக் குடிக்கும்.

ஆனால் இத்தோடு தீர்ப்பெழுதிவிட முடியாது. ஜெர்மனியின் அவுடி நிறுவனம் 1998-இல் 'டி.டி.' என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூழாங்கல் போல் வழவழப்பான, வளைந்த முதுகு, இறக்கை கிடையாது. வளைந்த முதுகின்மேல் காற்று ஒட்டிக்கொண்டு விரைவாக ஓடும்போது, அங்கே அழுத்தம் குறைகிறது. காரின் பின்பகுதி மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. தன்னையறியாமலே கார் விமான இறக்கையாகிவிடுகிறது! மெதுவாகப் போகும்போது இதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளுக்கு வேக வரம்பே கிடையாது. அங்கே மிகுந்த வேகத்தில் சட்டென்று திரும்பிய சில கார்கள் பின்புறம் வழுக்கிக் கட்டுப்பாட்டை இழந்தன, உயிர்களும் போயின. விற்ற கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. டிக்கியின் ஓரத்தில் சிறு உதடு போன்ற ஒரு தடுப்பைப் பொருத்தியது. சக்கரங்களின் தாங்கமைப்பை மாற்றி, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியையும் சேர்த்தது.

இந்த உதட்டுக்கு ஸ்பாய்லர் என்று பெயர். 'கெடுப்பது' என்று பொருள். முதுகோடு ஒட்டி ஓடும் காற்றோட்டத்தை அது கெடுக்கிறது. காற்று முதுகைவிட்டுப் பிரிகிறது, உதட்டுக்கு முன்னால் அழுத்தம் கூடுகிறது, மேலிழுப்பு குறைகிறது. பார்வைக்குக் கம்பீரமான பலகையைவிட, கண்ணுக்கே படாத இந்த உதடு பல கார்களில் அதிகம் உழைக்கிறது. 1972-இல் போர்ஷே நிறுவனம் வெளியிட்ட 'கரேரா ஆர்.எஸ்.' காரின் வாத்து வால் போன்ற பின்புறமும் இதே வேலையைச் செய்ததுதான்.

அதே நிறுவனம் 1989-இல் வெளியிட்ட '911 கரேரா 4' காரில் இன்னொரு தந்திரம் செய்தது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்பாய்லர் தானே மேலே எழும். கார் நிற்கப்போகும் சமயத்தில் தானே படுத்துக்கொள்ளும். நாம் மேலே கணக்கிட்ட இறக்கைக்கு 80 கி.மீ. வேகத்தில் எவ்வளவு விசை கிடைக்கும்? பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.