மழலையர் முரட்டுத்தனம்: எல்லைத் தமிழ்ப் பள்ளிகளில் எந்த மொழியில் மருந்து?

புதுடெல்லி: பள்ளிகளில் வன்முறை என்றதும் பதின்பருவ மாணவர்களே விவாதப் பொருளாகின்றனர். கேரளம் 2010-ல் 127 பள்ளிகளில் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம் பாராட்டைப் பெற்றது. 2018-ல் மத்திய அரசு அதனை நாடெங்கும் விரிவுபடுத்தியது. எனினும், எட்டாம் வகுப்பில் தொடங்கும் திட்டம் அது. அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் உச்சத்தில் இருப்பதோ இரண்டு முதல் நான்கு வயதுக்குள். பேச்சு வளர வளரப் பெரும்பாலான குழந்தைகளிடம் அவை தணிந்துவிடுகின்றன என்பது ஆய்வாளர்களின் முடிவு.

தணியாத சிலரை என்ன செய்வது? கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1984-ல், வசதி குறைந்த பகுதிகளின் 53 பள்ளிகளில் பயின்ற 1,037 மழலையர் வகுப்புச் சிறுவர்களை ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே குழுவினர் ஆராயத் தொடங்கினர். முரட்டுத்தனம் மிகுந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஏழு வயது முதல் ஒன்பது வயது வரை பள்ளியில் பழகும் திறன் பயிற்சியும், வீட்டில் பெற்றோருக்கு வழிகாட்டலும் அளிக்கப்பட்டன. பயிற்சி பெறாதோரைவிட இவர்களில் அதிகமானோர் பள்ளிப் படிப்பை முடித்தனர்; 24 வயதில் குற்றப் பதிவு உள்ளவர்களும் குறைவே. அவர்கள் பிரெஞ்சு பேசும் குடும்பத்துச் சிறுவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆங்கிலம் கோலோச்சும் நாட்டில், ஆய்வு அவர்களது வீட்டு மொழியைத் தேடிச் சென்றது.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. 1956 மொழிவழி மாநிலப் பிரிவினையில் கேரளத்துடன் நின்ற தமிழர்களின் பிள்ளைகள் பயிலும் இடங்கள் அவை. தாய் கொழுந்து பறிக்கச் செல்ல, குழந்தையின் பகற்பொழுது காப்பகத்திலும் அங்கன்வாடியிலும் கழிகிறது. கோபம், பயம், பொறாமை ஆகியவற்றைக் கைகளால் அன்றி வாயால் சொல்லப் பழக்குவதே இத்தகைய பயிற்சியின் உயிர்நாடி. அந்தச் சொற்கள் குழந்தையின் மொழியில் இல்லாவிட்டால் பயிற்சி பெயரளவில்தான் நிற்கும். மலையாளம் மட்டுமே அறிந்த ஆலோசகர் எத்துணை திறமையாளராயினும், வீட்டில் தமிழ் மட்டும் பேசும் தாயிடம் என்ன சொல்லிவிட முடியும்?

தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழி வசதி அளிக்க 350ஏ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயது முதல் 14 வயது வரையிலானோருக்கே உரிமை தருகிறது. முரட்டுத்தனம் உச்சம் பெறும் வயது அதற்கு வெளியே நிற்கிறது. மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்கிறது 350பி பிரிவு. எல்லைப் பகுதிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தமிழறிந்த ஆலோசகர்கள் எத்தனை பேர் என்று அவையில் கேள்வி எழுப்ப உறுப்பினர்களுக்குத் தடையேதும் இல்லை.